ராயல் ஆப்பெரா ஹவுஸ், மும்பை

ராயல் ஆப்பெரா ஹவுஸ் என்பது இந்தியாவின் மும்பை நகரில், கிர்காவுன் பகுதியில் சர்னி சாலைத் தொடர்வண்டி நிலையத்துக்கு அருகில் அமைந்துள்ள ஒரு கலையரங்கம் ஆகும். 1911 ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட இவ்வரங்கம் இந்தியாவில் எஞ்சியுள்ள ஒரே ஆப்பெரா அரங்கமாகக் கருதப்படுகிறது. ஆப்பெரா என்பது கதை முழுவதும் பாடல்களாலும் வாத்திய இசையாலும் நடத்திச் செல்லப்படும் ஐரோப்பிய இசை நாடக வடிவமாகும். இதற்கெனக் கட்டப்பட்ட இவ்வரங்கம் பின்னர் திரையரங்காக மாறி, 1993 இல் மூடப்பட்டு, 23 ஆண்டுகளுக்குப் பின் 2016 இல் இசை நிகழ்ச்சி அரங்கமாக மீண்டும் திறக்கப்பட்டது.

தோற்றம்

இவ்வரங்கத்தை உருவாக்கியவர்கள் இருவர். ஒருவர் கல்கத்தாவைத் தளமாகக் கொண்டு கிழக்கு நாடுகளில் நாடகக் குழுக்களை நடத்திவந்த மாரிஸ் பேண்ட்மன். மற்றவர் பம்பாயின் பார்சி நிலக்கரி வணிகரான ஜஹாங்கீர் பிராம்ஜி கராக்கா. கட்டட வேலைகள் 1909 ஆம் ஆண்டளவில் தொடங்கின. தில்லி தர்பாருக்காக 1911 இல் இந்தியா வந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், வேலைகள் முடியும் முன்னரே அரங்கத்தைத் திறந்து வைத்தார். பெயரில் உள்ள 'ராயல்' என்னும் அடைமொழி இத்தொடர்பைக் குறிக்கும். கட்டடம் 1912 இல் நிறைவடைந்தது.

கட்டட அமைப்பு

ஐரோப்பிய பரோக் பாணியுடன் இந்தியக் கூறுகளும் கலந்து இக்கட்டடம் அமைக்கப்பட்டுள்ளது. உள்ளே தரைத்தளம், அதற்கு மேல் வட்ட மாடம், அதற்கும் மேல் மேல்மாடம் என மூன்று நிலைகளில் இருக்கைகள் உள்ளன. மேடைக்கு இருபுறமும் செல்வந்தர்களும் விருந்தினர்களும் அமர்வதற்கான தனி மாடங்கள் உண்டு. அரங்கின் உட்கூரைக் குவிமாடம் எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, உலகின் கவிஞர்களுக்கும் புதின, நாடக ஆசிரியர்களுக்கும் காணிக்கையாக அழகுபடுத்தப்பட்டுள்ளது. முன்கூடத்தில் தொங்கும் சரவிளக்குகள் சாசூன் குடும்பத்தார் வழங்கியவை.

ஒலிபெருக்கி வழக்கத்துக்கு வராத காலத்தில் கட்டப்பட்ட அரங்கம் இது. மேடையில் பாடுபவரின் குரல் இயற்கையாகவே கடைசி இருக்கை வரை சென்று சேரவேண்டும். இதனால் பார்வையாளர்கள் மேடைக்கு அருகிலேயே, ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிய நிலைகளில் அமர்த்தப்பட்டனர். திரைப்படத்துக்குத் தேவையானது இதற்கு நேர்மாறானது. அங்கு ஒலி கருவியிலிருந்து வருகிறது. எல்லா இருக்கைகளும் திரையை நேராக நோக்க வேண்டும். பக்க மாடங்களில் அமர்ந்தவருக்குப் பாடகர் மிக அருகில் தெரிவார். திரையோ கோணலாகத் தெரியும். இக்கட்டடத்துக்குப் பின்னாளில் ஏற்பட்ட மாற்றங்களுக்கு இவ்வேறுபாடு ஒரு முக்கிய காரணமாகும்.

நாடகமும் திரைப்படமும்

தொடக்க ஆண்டுகளில் ஐரோப்பிய நாடகக் குழுக்களும் இசைக் குழுக்களும் இங்கு நிகழ்ச்சிகளை நடத்தின. காலப்போக்கில் இந்திய நாடகங்களும் இடம்பெற்றன. மராத்தி இசை நாடகக் கலைஞர்களான பால் கந்தர்வரும் தீனாநாத் மங்கேஷ்கரும் இம்மேடையில் தோன்றியவர்கள். அவ்வகையில், ஐரோப்பியருக்காகக் கட்டப்பட்ட அரங்கம் உள்ளூர் இசை நாடக மரபுக்கும் இடமளித்தது.

இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா' 1931 மார்ச் 14 அன்று பம்பாய் மெஜஸ்டிக் திரையரங்கில் வெளியானது. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' அதே ஆண்டில் பம்பாயிலேயே தயாரிக்கப்பட்டது. பாட்டும் வசனமும் திரையிலேயே கிடைக்கத் தொடங்கியதும், பெருஞ்செலவில் குழுக்களை அழைத்து வந்து நடத்தும் மேடை நிகழ்ச்சிகளால் போட்டியிட இயலவில்லை. முன்னரே இடையிடையே படங்கள் காட்டப்பட்டு வந்த ஆப்பெரா ஹவுஸ், 1930களின் நடுப்பகுதியில் திரையரங்காக மாற்றியமைக்கப்பட்டது. பிருத்விராஜ் கபூர் 1944 இல் தொடங்கிய பிருத்வி தியேட்டர்ஸ் குழு இங்கு நாடகங்களை மேடையேற்றியதால், மேடைக் கலை முற்றாக அற்றுப்போகவில்லை.

கல்கத்தாவிலும் இதே போக்குக் காணப்பட்டது. பேண்ட்மனின் எம்பயர் தியேட்டர் அங்கு ராக்ஸி திரையரங்காக மாறியது.

மூடல்

கோண்டல் சமஸ்தானத்தின் மகாராஜா விக்ரம்சிங்ஜி 1952 இல் இவ்வரங்கத்தை வாங்கினார். அதன் பின்னரும் பல ஆண்டுகள் இது திரையரங்காகவே இயங்கியது. 1980களில் ஒளிநாடாக்களும் அடுத்துக் கம்பிவடத் தொலைக்காட்சியும் பரவியபோது, பராமரிப்புச் செலவு மிகுந்த பழைய ஒற்றைத்திரை அரங்குகள் இழப்பைச் சந்தித்தன. ஆப்பெரா ஹவுஸ் 1993 இல் மூடப்பட்டது.

மூடியிருந்த ஆண்டுகளில் கூரை ஒழுகி, ஈரம் ஏறி, கட்டடம் சிதைந்தது. ஆயினும் பெயர் அழியவில்லை. சுற்றுவட்டாரம் முழுவதுமே 'ஆப்பெரா ஹவுஸ்' என்றே அழைக்கப்படுகிறது. வைர வணிகத்தின் மையமாக அப்பகுதி புகழ்பெற்றது. 2011 சூலை 13 அன்று மும்பையில் நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புகளுள் ஒன்று அங்கு நடந்தபோது இப்பெயர் நாடெங்கும் செய்திகளில் இடம்பெற்றது. அப்போது அரங்கம் பூட்டியே கிடந்தது.

மீட்டமைப்பு

கோண்டல் அரச குடும்பத்தினர் கட்டடத்தை மீட்டமைக்க முன்வந்து, பணியைக் கட்டடப் பாதுகாப்பு வல்லுநர் ஆபா நாராயண் லாம்பாவிடம் ஒப்படைத்தனர். நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட உலக நினைவுச்சின்ன நிதியம், ஆபத்திலுள்ள பாரம்பரிய இடங்களைக் கவனப்படுத்தும் தனது 2012 ஆம் ஆண்டுப் பட்டியலில் இவ்வரங்கத்தைச் சேர்த்தது.

முதலில் கூரையும் தாங்குவிட்டங்களும் பலப்படுத்தப்பட்டன. பின்னர், திரையரங்கு காலத்து மாற்றங்களால் மறைந்துபோன கூறுகளைப் பழைய ஒளிப்படங்களின் துணையுடன் அடையாளம் கண்டு மீண்டும் அமைத்தனர். பக்க மாடங்கள், சுதை வேலைப்பாடுகள், வண்ணக் கண்ணாடிகள் ஆகியவை இவற்றுள் அடங்கும். கூடவே, குளிரூட்டல், ஒளியமைப்பு போன்ற இக்காலத் தேவைகளும் சேர்க்கப்பட்டன. மீட்டமைக்கப்பட்ட அரங்கில் 575 இருக்கைகள் உள்ளன.

மீண்டும் இசையரங்கு

2016 அக்டோபர் 20 அன்று மும்பைத் திரைப்பட விழாவின் தொடக்க நிகழ்ச்சி இங்கு நடைபெற்றது. மறுநாள், மும்பையில் பிறந்த ஆப்பெரா பாடகியான பாட்ரீசியா ரொசாரியோவின் இசை நிகழ்ச்சியுடன் அரங்கம் மீண்டும் இசைக்குத் திறக்கப்பட்டது. அது முதல் மேற்கத்திய, இந்துஸ்தானி இசை நிகழ்ச்சிகளும், நாடகம், நடனம், கருத்தரங்கு ஆகியனவும் இங்கு இடம்பெற்றுள்ளன.

2017 இல் யுனெசுகோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதுகளில் இம்மீட்டமைப்பு சிறப்புத் தகுதி விருதைப் பெற்றது. அதே ஆண்டில் அதே நிலை விருதைப் பெற்றவற்றுள் திருவரங்கம் அரங்கநாதசுவாமி கோயிலும் ஒன்றாகும்.

முக்கியத்துவம்

இந்திய நகரங்களில் மூடப்பட்ட பழைய திரையரங்குகள் பல இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் வணிக வளாகங்களும் அடுக்குமாடிகளும் எழுந்துள்ளன. ஆலம் ஆரா வெளியான மெஜஸ்டிக் திரையரங்கும் இன்று இல்லை. நகரின் விலையுயர்ந்த நிலத்தில் நிற்கும் ஆப்பெரா ஹவுஸ் அந்நிலையை அடையாமல் தப்பியதற்கு, உரிமையாளர் அதனை விற்காமல் வைத்திருந்ததும், பாரம்பரியக் கட்டடம் என்ற தகுதியும் காரணமாயின. எனினும் கட்டடத்தைக் காப்பது மட்டும் போதாது. அதற்கு ஒரு பயனும் வேண்டும். 575 இருக்கைகள் கொண்ட அரங்கம் பெருந்திரைப்படங்களுக்குச் சிறியது. மேடையை அருகிலிருந்து கேட்க விரும்பும் இசை ரசிகர்களுக்கோ அது பொருத்தமான அளவுடையது. திரையரங்காக இருந்தபோது குறையாக அமைந்த அதே வடிவமைப்பே, இசையரங்கான பின் இதன் சிறப்பாக விளங்குகிறது.