பள்ளிக்கூடத்தை நடத்தவும் படிப்பு உண்டு!

எம்.எட். சேரும் முன் குடும்பத்தில் பேச வேண்டிய விஷயங்கள்

ஒரே ஊரில் இரண்டு பள்ளிக்கூடங்கள் இருக்கும். இரண்டிலும் ஒரே பாடப்புத்தகம்தான். ஒரே மாதிரி படித்த ஆசிரியர்கள்தான். ஆனால், ஒன்றில் மணி அடித்ததும் வகுப்பு தொடங்கிவிடும். மற்றொன்றில் மணி அடித்து அரை மணி ஆகியும் பிள்ளைகள் மரத்தடியில் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

என்ன காரணம்?

நடத்துகிறவர்தான் காரணம்!

பாடம் சொல்லிக்கொடுப்பது ஒரு வித்தை. பள்ளிக்கூடத்தை நடத்துவது இன்னொரு வித்தை. எந்த ஆசிரியரை எந்த வகுப்புக்கு அனுப்புவது, வராத பிள்ளையை எப்படி வரவழைப்பது, கோபத்தோடு வரும் பெற்றோரிடம் எப்படிப் பேசுவது, கணக்கு வழக்கை எப்படி வைத்துக்கொள்வது எல்லாம் அதில் அடக்கம்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியுமா? முடியும். அதற்கென்றே மேல்படிப்பு இருக்கிறது.

எம்.எட். என்றால் என்ன?

பட்டதாரி ஒருவர் ஆசிரியர் ஆவதற்குப் படிப்பது பி.எட். அதற்கு மேலே உள்ளது எம்.எட்.

குழந்தையின் மனம் எப்படி வளர்கிறது, பாடத்திட்டம் எப்படித் தயாராகிறது, பள்ளி நிர்வாகம் எப்படி நடக்க வேண்டும் என்பதெல்லாம் இதில் பாடங்கள். மாணவர் ஒரு பிரச்சினையைத் தாமே ஆராய்ந்து, ஆய்வேடும் எழுத வேண்டும்.

பி.எட். தேர்வில் 50 சதவீத மதிப்பெண் வாங்கியவர்கள் சேரலாம். ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அரசாங்க விதிப்படி சலுகை உண்டு.

தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் 2014-ல் வகுத்த விதிகளின்படி இது இரண்டு ஆண்டுப் படிப்பு. ஆண்டுக்கு 200 வேலை நாட்கள். வாரத்துக்கு 36 மணி நேரம். வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை வேண்டும். ஓராண்டு எம்.எட். படிப்புக்கான வரைவு விதிகளை அதே கவுன்சில் 2025-ல் வெளியிட்டது. ஆகையால், நீங்கள் சேருகிற வருஷத்தில் படிப்பு எத்தனை ஆண்டு என்று கல்லூரியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய பெருமை

ஆசிரியர் பயிற்சி நம் ஊருக்குப் புதிதல்ல. சென்னை வேப்பேரியில் 1856-ம் ஆண்டு தொடங்கிய பயிற்சிப் பள்ளிதான் பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி ஆயிற்று. ஜனாதிபதியாக உயர்ந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் அங்கே பயிற்சி பெற்றவர்.

சகோதரி சுப்புலட்சுமியின் கதை இன்னும் உருக்கமானது. சிறு வயதிலேயே விதவையானவர் அவர். மூலையில் உட்கார மறுத்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1911-ல் பட்டதாரி ஆனார். தம்மைப் போன்ற பால்ய விதவைகளுக்கு இல்லம் அமைத்து, அவர்களைப் படிக்க வைத்தார். 1922-ல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியின் முதல்வரானார். ஒரு பெண் படித்தாள். பல பெண்கள் ஆசிரியை ஆனார்கள்!

வீட்டில் எழும் கேள்வி

இன்றும் பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது.

"மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறதே, அதை விட்டுவிட்டு மறுபடியும் படிக்க வேண்டுமா?" என்கிறார் கணவர்.

"குழந்தைகளை யார் பார்ப்பது?" என்கிறார் மாமியார்.

இரண்டும் நியாயமான கேள்விகள்தான். கோபித்துக்கொள்ளாமல் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

தனியார் பள்ளியில் மாதம் 15,000 ரூபாய் வாங்கும் ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருஷத்தில் அவர் இழக்கும் சம்பளம் 3 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். கல்லூரிக் கட்டணம், பஸ் செலவு, புத்தகம் எல்லாம் அதற்கு மேல்.

இவ்வளவு செலவுக்கு என்ன கிடைக்கும்?

பி.எட். கல்லூரியில் ஆசிரியராகப் போக விரும்புகிறவருக்கு எம்.எட். மிகவும் உதவும். ஆனால் அதிலும் 55 சதவீதம் வேண்டும். முதுகலைப் பட்டத்திலும் 55 சதவீதம் வேண்டும். ஆகையால், எம்.எட். சேர்ந்தால் மட்டும் போதாது. நன்றாகத் தேறவும் வேண்டும்.

தலைமை ஆசிரியர் பதவி விஷயம் வேறு. அரசாங்கப் பள்ளிகளில் அது பணி மூப்பைப் பார்த்துப் பதவி உயர்வாக வருவது. பட்டம் வாங்கிய மறுநாளே அந்த நாற்காலி கிடைத்துவிடாது. மேல்படிப்புக்காக அரசு ஆசிரியர்களுக்குக் கிடைத்துவந்த ஊக்க ஊதிய உயர்வையும் தமிழக அரசு 2020 மார்ச் மாதம் நிறுத்தியது. ஆகவே, சம்பளம் உயரும் என்பதை மட்டும் நம்பிக் கடன் வாங்கக்கூடாது.

ஏமாறாதீர்கள்!

"வகுப்புக்கே வர வேண்டாம். பரீட்சைக்கு வந்தால் போதும்" என்று யாராவது சொன்னால், அங்கேயே கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள். 2014 விதிகளில் தபால் வழி எம்.எட்.டுக்கு இடமில்லை. கல்வியியல் எம்.ஏ. என்று தொலைதூரப் படிப்பு இருக்கிறது. அது நல்ல படிப்புதான். ஆனால் அது வேறு, எம்.எட். வேறு.

பணம் கட்டும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்:

1. கல்லூரிக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா? பி.எட்.டுக்கு இருந்தால் போதாது. எம்.எட்.டுக்குத் தனியாக இருக்க வேண்டும்.

2. எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது? தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் 2008-ல் ஏற்பட்டது. அதன் பட்டியலில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா?

3. கட்டணத்துக்கு முறையான ரசீது தருகிறார்களா? அசல் சான்றிதழ்களைக் கொடுத்தால், அதற்கும் ரசீது வாங்குங்கள்.

அரசுப் பணியில் இருப்பவர்கள் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே துறையின் அனுமதி பெற வேண்டும். இதை மறந்தால் பின்னால் தொல்லை.

என்ன எழுதுவது?

சில இடங்களில் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை. பெங்களூர் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் கல்வியியல் எம்.ஏ. படிப்புக்கு நுழைவுத் தேர்வும் உண்டு, நேர்முகமும் உண்டு. "ஏன் இதைப் படிக்க விரும்புகிறீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்க வேண்டும்.

"குழந்தைகள் என்றால் எனக்கு உயிர்" என்று எல்லோரும்தான் சொல்வார்கள். அதில் பயன் இல்லை. உங்கள் வகுப்பில் நடந்ததைச் சொல்லுங்கள்.

"ஏழாம் வகுப்பில் ஆறு பேருக்கு வாசிக்க வரவில்லை. தினமும் மாலையில் அரை மணி கதை வாசிக்க வைத்தேன். நான்கு பேர் தேறினார்கள். இரண்டு பேர் தேறவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்."

இப்படி ஒருவர் சொன்னால் கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

வேலையை விடாமல் படிக்க

வேலையை விட முடியாதவர்களும் மனம் தளர வேண்டாம். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கல்வி நிர்வாகத்தில் தொலைதூர முதுநிலைப் பட்டயப் படிப்பை ஏற்படுத்தியிருக்கிறது. டில்லியில் உள்ள தேசியக் கல்வித் திட்டமிடல் நிர்வாக நிறுவனத்தில், பள்ளித் தலைமைப் பயிற்சிக்கென்றே 2012-ல் தனி மையம் தொடங்கப்பட்டது.

எதைப் படித்தாலும், முதலில் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். செலவு எவ்வளவு, வீட்டு வேலையை யார் பகிர்ந்துகொள்வது, படித்து முடித்து என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கணக்குச் சரியாக வந்தால், தைரியமாக விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடலாம்!