கான்கிரீட் வீட்டில் கோடைப் புழுக்கம்: கரண்டுச் செலவு கூடாமல் தணிக்கும் முறைகள்

கீற்று வேய்ந்த குடிசையில் தீப் பயமும் உண்டு, மழைப் பயமும் உண்டு. ஆகையால் தளம் போட்ட வீட்டுக்கு மாற வேண்டும் என்று கிராமங்களில் அனைவரும் விரும்பியதில் வியப்பில்லை. 2010-ல் தொடங்கிய கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011-ல் தொடங்கிய 300 சதுர அடி பசுமை வீடுகள் திட்டம், 2024-ல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம் ஆகியவற்றின் மூலம் ஏராளமான ஏழைக் குடும்பங்கள் கான்கிரீட் வீட்டுக்கு வந்துள்ளன. ஆனால் குடிசையில் இல்லாத ஒரு தொல்லை இந்த வீடுகளில் உள்ளது. சித்திரை, வைகாசி மாதங்களில் நள்ளிரவு வரை உள்ளே படுக்க முடிவதில்லை. விடியுமுன் எழுந்து வயலுக்குத் தண்ணீர் கட்டப் போக வேண்டியவர் இரவெல்லாம் புரண்டு கொண்டிருந்தால் மறுநாள் வேலை ஓடாது.

கீற்றின் இடுக்குகளில் காற்று அடைபட்டு நிற்பதால் வெப்பம் எளிதில் உள்ளே இறங்காது. கான்கிரீட் தளமோ பகல் முழுவதும் வெயிலை வாங்கிச் சேர்த்து வைத்துக் கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு அதை வீட்டுக்குள் விடுகிறது. கோயமுத்தூர்ப் பகுதியில் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஆகவே கோடையில் சுவர்களைக் காட்டிலும் கூரைக்கே வெயில் அதிகம். ஏர்கூலர் வாங்கப் பணம் புரட்டுவதற்கு முன்னர், கூரையைக் கவனிப்பதே அறிவுடைமை.

சுண்ணாம்புப் பூச்சு

செலவு குறைந்த முறை, தளத்தின் மேல் வெள்ளை அடிப்பதாகும். வெண்மையான பரப்பு வெயிலின் பெரும் பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். குஜராத் மாநிலம் அகமதாபாத் நகரில் 2010 மே மாத வெப்ப அலையில் பலர் உயிரிழந்த பின், 2013-ல் வெப்பத் தடுப்புத் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 2017 முதல் ஏழை மக்களின் வீட்டுக் கூரைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் பணியும் நடைபெற்றது. வீட்டின் அமைப்பைப் பொறுத்து உள்வெப்பம் 2 முதல் 5 டிகிரி செல்சியஸ் வரை குறையக் கூடும்.

மாசி, பங்குனியில் இவ்வேலையை முடித்துவிட வேண்டும். தளத்தைப் பெருக்கி, பாசியைச் சுரண்டி, வெடிப்புகளைச் சிமெண்ட் கலவையால் அடைக்க வேண்டும். புதிய கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர் வீதம் ஊற்றி நீர்க்கச் செய்து, ஒரு நாள் ஊறவிட்டுத் துணியில் வடிகட்டவும். நீர்க்கும் போது சுண்ணாம்பு கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால் குழந்தைகளை அருகில் விடக் கூடாது. பிடிப்புக்காக அரிசிக் கஞ்சியோ பசையோ சேர்ப்பது வழக்கம். தளத்தை நனைத்து, வெயில் தாழ்ந்த பின் ஒரு கை அடித்து, மறுநாள் அதற்குக் குறுக்காக இன்னொரு கை அடிக்கவும். பிறகு இரண்டு மூன்று நாட்கள் லேசாகத் தண்ணீர் தெளித்தால் பூச்சு கெட்டிப்படும். மழையில் கரைந்துவிடும் என்பதால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். மாடியில் நெல், மிளகாய் காய வைப்போர் படுதா விரித்துக் காயப் போடுவது நல்லது.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் இது பொருந்தும். ஆனால் அக்கூரையை உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. ஓட்டின் மேல் ஏறி நின்றால் உடைந்து விழவும் நேரும். ஏணியிலிருந்தபடி நீளக் கம்பில் கட்டிய மட்டையால் அடிப்பதே பாதுகாப்பு.

மாலையில் தளத்தில் தண்ணீர் ஊற்றும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. கிணற்றில் நீர் வற்றும் காலத்தில் இது வீண். வெடிப்புள்ள தளமானால் உள்ளிருக்கும் கம்பியும் துருப்பிடிக்கும்.

மின்விசிறியும் கூலரும்

பகல் 10 மணிக்கு மேல் சன்னல்களைச் சாத்தி, பொழுது சாய்ந்ததும் திறந்து விட வேண்டும். சூடான காற்று மேலே தங்குமாதலால் உயரத்திலுள்ள காற்றுத் துளைகளை மட்டும் ஒருபோதும் அடைக்கக் கூடாது.

சாதாரண மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 72 யூனிட் ஆகிறது. பி.எல்.டி.சி. என்னும் புதிய வகை விசிறி சுமார் 30 வாட்டில் ஓடுவதால் 29 யூனிட் போதும். விலை கூடுதல்தான். எனினும், யூனிட் ஏற ஏறக் கட்டண விகிதமும் ஏறுவதால், பழைய விசிறி பழுதாகும் போது இதை வாங்குவது லாபம். விசிறி வீட்டைக் குளிர்விப்பதில்லை, உடலின் வியர்வையை உலர்த்துகிறது. ஆள் இல்லாத அறையில் அதை ஓட விடுவதில் பயனில்லை. கூலர், கரூர், திருச்சி போன்ற வறண்ட பகுதிகளில் நன்கு வேலை செய்யும். அப்போதும் எதிர்ச் சன்னல் திறந்திருக்க வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்த நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் அதற்குப் போடும் பணம் பெரும்பாலும் நஷ்டமே. பம்புசெட் இணைப்பிலிருந்து வீட்டுக்குக் கம்பி இழுப்பது குற்றம் என்பதுடன் உயிருக்கும் ஆபத்து.

மாடியில் பீர்க்கன் பந்தல்

விவசாயி வீட்டுக்கு ஏற்ற நிழல் பந்தல் நிழல்தான். குடும்பத்துக்குக் காயும் கிடைக்கும். மாடியில் மண் கொட்ட வேண்டாம், எடை தாங்காது. சுவரிலிருந்து சிறிது தள்ளித் தரையில் குழி எடுத்து, கொடியை மேலே ஏற்ற வேண்டும். 300 சதுர அடித் தளத்துக்கு 5 அல்லது 6 குழி போதும். நீள, அகல, ஆழம் ஒவ்வொன்றும் 30 செ.மீ. இருக்கட்டும். குழிக்கு 10 கிலோ தொழு உரமும், 6:12:12 கலப்பு உரம் 100 கிராமும் இட்டு, பீர்க்கனில் கோ 1 அல்லது கோ 2 ரக விதை ஐந்தை ஊன்றவும். 15 நாளில் நல்ல செடி இரண்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் களைந்துவிட வேண்டும். சோப்பு கலவாத அடுப்படித் தண்ணீரை இதற்குப் பாய்ச்சலாம். கந்தகத் தூள் தூவினால் கொடி கருகும்.

தை மாதத்தில் ஊன்றினால்தான் வெயில் உச்சத்துக்கு வரும் போது கொடி படர்ந்திருக்கும். சித்திரையில் நினைத்துக் கொண்டு விதைத்தால் காய் கிடைக்கலாம், அந்தக் கோடைக்கு நிழல் கிடைக்காது. பந்தல் கால்களைச் சுவரையொட்டித் தரையில் ஊன்றிக் கட்டினால் கோடைக் காற்றுக்குச் சாயாது. ஆள் குனிந்து நுழையும் உயரம் போதுமானது. கொடி மூடும் வரை இடைவெளிகளில் தென்னங்கீற்று போடலாம். கீற்றைத் தளத்தின் மேலேயே பரப்பினால் தேளும் எலியும் சேரும், காற்றும் ஓடாது. அடுப்புப் புகை போகும் பக்கம் கீற்று கூடாது. கொடி ஓய்ந்ததும், எப்படியும் தீபாவளிக்கு முன்னர், காய்ந்த கீற்றையும் கொடியையும் பிரித்து எருக்குழியில் போட்டுவிட வேண்டும்.