மேகமலைப் பாதையும் செயினின் உரசலும்

சின்னமனூரிலிருந்து தென்பழனி கடந்து, கொண்டையூசி வளைவுகளாய்ச் சுழன்று மேகமலைக்கு ஏறும் பாதையில் பந்தயச் சைக்கிள் மிதிப்பவருக்கு, முன்புறம் 50, 34 பற்கள் கொண்ட இரு சக்கரங்கள் அமைந்த ‘காம்பாக்ட்’ கிராங்க், பழைய 53, 39 பல் அமைப்பைவிடப் பெருஞ்சகாயம் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் அவ்விரண்டிற்குமிடையே 16 பற்கள் வித்தியாசமிருப்பதால், சிறிய முன்சக்கரத்தோடு பின்னாலும் மிகச் சிறிய சக்கரத்தைச் சேர்த்து ஓட்டினால், செயின் கோணலாக ஓடிப் பெரிய சக்கரத்தின் உட்புறத்தில் உரசுவது சகஜம். அதற்குப் பரிகாரம், முன்சக்கரங்களுக்கிடையே செயினை இடம் மாற்றும் கூண்டின் திருகாணியில் இல்லை, பின்கியரை மாற்றுவதிலேதான் இருக்கிறது.

செயின் நேராக ஓடும்போதும் சப்தம் எழுமானால், அந்தக் கூண்டையே பரிசோதிக்க வேண்டும். எடுத்த எடுப்பில் திருகாணியைத் திருகுவது, என் அபிப்பிராயத்தில், முறையன்று: முதலில் கூண்டின் வெளித்தகடு பெரிய சக்கரத்தின் பற்களுக்கு மேலே 1 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளியில், சக்கரத்திற்கு இணையாக நிற்கிறதா என்று பார்த்து, பிறகே கேபிளின் இழுவையைக் கால் சுற்றுக் கால் சுற்றாகச் சரிப்படுத்த வேண்டும்.