படிப்பு முடிந்தது, வேலை எப்படி? மாற்றுத்திறனாளிகள் வீடுகளில் எழும் சந்தேகங்களும் விளக்கங்களும்

தேர்வு முடிவுகள் வரும் மாதங்களில் எல்லா வீட்டிலும் அடுத்தது என்ன என்ற பேச்சு நடக்கும். மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தப் பேச்சைத் தொடங்கவே தயங்குகிறார்கள். பள்ளிக்கூடம் இருந்தவரை வேன் வந்தது, டீச்சர் இருந்தார், போகவர ஓர் இடம் இருந்தது. அதன் பிறகு பிள்ளை வீட்டோடு தங்கிவிடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். எல்லா வயதினரையும் சேர்த்து அவர்களில் வேலையில் இருந்தவர்கள் 36 சதவீதம்தான். கல்விக்கும் வேலைக்கும் நடுவே யாரும் கைகொடுக்காத அந்த ஓரிரு வருடத்தைப் பற்றியே பெற்றோரும் இளைஞர்களும் முதலாளிகளும் அதிகம் கேட்கிறார்கள்.

என் மகனுக்கு அறிவுசார் குறைபாடு. சிறப்புப் பள்ளியில் படிக்கிறான், 18 வயது நெருங்குகிறது. பள்ளி முடிந்த பிறகு வேலையைப் பற்றி யோசித்தால் போதுமா?

போதாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாகத் தருகிறது. அதற்கு மறுநாள் முதல் இந்தப் பிள்ளைக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் பள்ளியிலும் பதில் இல்லை, அரசு அலுவலகத்திலும் இல்லை. அதனால் ஆயத்தம் 14, 15 வயதிலேயே தொடங்க வேண்டும். எழுத்தும் கணக்கும் மட்டுமே ஆயத்தம் என்று நினைக்க வேண்டாம். தனியாகப் பஸ் ஏறி இறங்குவது, சொன்ன நேரத்துக்குக் கிளம்புவது, பசித்தால் வாய்விட்டுச் சொல்வது, புரியாவிட்டால் திரும்பக் கேட்பது, போனில் ஒரு தகவல் சொல்வது ஆகியவைதான் வேலையிடத்தில் ஒருவரை நிற்கவைக்கும்.

அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் 1996-ல் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவப் பொருட்களை அடுக்கிவைக்கும் வேலைக்கு வருபவர்கள் அடிக்கடி விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தப் பிரிவை நடத்திய எரின் ரீல் என்ற செவிலியர், அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர்களுக்கு அந்த வேலையைப் பழக்கலாமே என்று யோசித்தார். பிராஜெக்ட் சர்ச் என்ற பெயரில் அது வளர்ந்து பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. பள்ளிப் படிப்பின் கடைசி வருடம் முழுவதும் மாணவர்கள் மருத்துவமனை போன்ற நிஜமான ஒரு வேலையிடத்துக்கே வருகிறார்கள். வகுப்பும் அங்கேதான் நடக்கும். மூன்று வெவ்வேறு பிரிவுகளில் மாறிமாறி வேலை பழகுவார்கள். பள்ளியின் கடைசி நாளும் வேலையின் முதல் நாளும் அவர்களுக்குத் தூரமாக இருப்பதில்லை. நம் ஊர்ப் பள்ளிகள் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த ஒன்றைத்தான், இதற்குப் பெரிய செலவும் இல்லை.

முதலில் முழுசாகப் பயிற்சி கொடுத்து, தயாரான பிறகு வேலைக்கு அனுப்புவதுதானே முறை?

பல ஆண்டுகளாக அப்படித்தான் நினைத்தோம். பலருடைய இளமை பயிற்சியிலேயே கழிந்தது. தையல் ஆறு மாதம், கம்ப்யூட்டர் ஆறு மாதம், மெழுகுவர்த்தி ஆறு மாதம் என்று சான்றிதழ்கள் சேருகின்றன, வேலை மட்டும் வருவதில்லை. அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள ஒருவர் ஓர் இடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்கு மாற்றிச் செய்வது கடினம். பயிற்சி மையத்து மேஜையில் அழகாக அட்டைப்பெட்டி மடித்தவர், கடையின் இரைச்சலில் திணறிப்போகலாம்.

1980-களில் அமெரிக்காவில் வேரூன்றிய ஆதரவுடன் கூடிய வேலை என்ற முறை இதைத் தலைகீழாக மாற்றியது. முதலில் வேலையில் சேர்த்துவிட வேண்டும், பயிற்சி அங்கேயே நடக்க வேண்டும். கூடவே ஜாப் கோச் எனப்படும் வழிகாட்டி ஒருவர் போவார். சூப்பர் மார்க்கெட்டில் அலமாரி அடுக்கும் வேலை என்று வைத்துக்கொள்வோம். வழிகாட்டி முதலில் தானே அதைச் செய்து பார்த்து, சிறுசிறு படிகளாகப் பிரிப்பார்: பெட்டியைத் திற, தேதியைப் பார், பழைய சரக்கை முன்னால் தள்ளு, புதியதைப் பின்னால் வை, காலிப் பெட்டியை மடி. ஒவ்வொரு படிக்கும் ஒரு படம் ஒட்டலாம். முதல் வாரங்களில் நாள் முழுக்கப் பக்கத்தில் நிற்பவர், பிறகு அரைநாள் வருவார், பிறகு வாரம் ஒருமுறை எட்டிப்பார்ப்பார். அதற்குள் அதே கடையின் ஊழியர் ஒருவர் அந்தத் துணையாக மாறியிருக்க வேண்டும். வழிகாட்டி விலகும் நாளை முதல் நாளிலேயே மனதில் வைத்து வேலை செய்பவரே நல்ல வழிகாட்டி.

பயிற்சி மையங்களை மூட வேண்டும் என்பதல்ல இதன் பொருள். எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று அவை எண்ண வேண்டும்.

இவர்களுக்கென்று தனிப் பட்டறை இருந்தால் பாதுகாப்பாக இருக்குமே?

பெற்றோரின் பயம் நியாயமானது. ஃபினாயில், காகித உறை, அகல்விளக்கு செய்யும் பட்டறைகள் வீட்டில் அடைபட்டுக் கிடப்பதிலிருந்து பலரைக் காப்பாற்றியிருக்கின்றன என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் அங்கே கிடைப்பது பெரும்பாலும் ஊக்கத்தொகை, சம்பளம் அல்ல. இந்தியா 2007-ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27-வது பிரிவு, எல்லோரும் சேர்ந்து உழைக்கும் இடத்தில், தானே தேர்ந்தெடுத்த வேலையில் சம்பாதிக்கும் உரிமையைச் சொல்கிறது. பட்டறை ஒரு வழியாக இருக்கலாம். ஆயுள் முழுக்க அதுவே முடிவாக ஆகிவிடக் கூடாது.

நான் பார்வையற்ற பட்டதாரி. கல்லூரி வளாக நேர்காணல் பட்டியலில் என் பெயரையே சேர்க்கவில்லை. தனியார் நிறுவனங்களுக்குச் சட்டம் பொருந்தாதா?

பொருந்தும், அரசு வேலை அளவுக்கு அல்ல. அரசுப் பணியில் 4 சதவீத இடஒதுக்கீடு உண்டு. பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, மூளை முடக்குவாதம் உள்ளிட்ட இயக்கக் குறைபாடு ஆகிய மூன்று பிரிவுகளுக்கும் தலா 1 சதவீதம். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து 1 சதவீதம். தனியாருக்கு இடஒதுக்கீடு கட்டாயமில்லை. ஆனால் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும். எந்தெந்தப் பணிகள் பொருத்தமானவை, எப்படித் தேர்வு செய்வார்கள், என்ன வசதி செய்து தருவார்கள், தொடர்பு அலுவலர் யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நேர்காணலுக்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள். சட்டத்தை மீறினால் முதல்முறை 10,000 ரூபாய் வரை அபராதம். தொடர்ந்து மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் தரலாம்.

பட்டியலில் பெயரைச் சேர்க்காமல் விடுவது கல்லூரியின் வேலை அல்ல. இந்த வேலையை உங்களால் செய்ய முடியாது என்று அவர்கள் முன்கூட்டியே முடிவு கட்டுவது பாகுபாடுதான். விலையில்லாமல் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பு மென்பொருள் ஒன்றை வைத்தே கணினி வேலைகளைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். முழுப் பார்வையிழப்புள்ள சென்னைப் பெண் பெனோ செஃபைன் இந்திய வெளியுறவுப் பணிக்குத் தேர்வாகிப் பத்தாண்டு ஆகிவிட்டது.

சான்றிதழில் 40 சதவீதத்துக்குக் குறைவு. எனக்கு எந்த உதவியும் கிடையாதா?

இடஒதுக்கீட்டுக்கு 40 சதவீதம் தேவை. நியாயமான வசதி கேட்க அது தேவையில்லை. எழுதும்போது கை இறுகிப்போகும் குறைபாடுள்ள ஒருவர், தேர்வில் சொல்வதை எழுதித் தர ஆள் கேட்டுத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-ல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போதே குறைபாட்டைச் சொல்ல வேண்டுமா?

வெளியில் தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்கு இது பெரிய தவிப்பு. இடஒதுக்கீடு கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும். மற்றபடி, நேர்காணலிலோ வேலையிலோ ஏதாவது வசதி தேவைப்படும் கட்டத்தில் சொல்வது நல்லது. சொல்லும்போது நோயின் பெயரோடு நிறுத்தாமல், தேவையையும் சேர்த்துச் சொல்லுங்கள். "எனக்குக் காது கேட்காது, கேள்விகளை எழுதிக் காட்டுங்கள் அல்லது சைகைமொழி பெயர்ப்பாளரை வரவழையுங்கள்" என்றால் எதிரில் இருப்பவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியும். பாதிப் பயம் தெரியாமையால் வருவது.

நான் சிறு தொழிற்சாலை நடத்துகிறேன். மனம் இருக்கிறது, செலவும் விபத்தும் பயமாக இருக்கிறது.

பெரும்பாலான வசதிகளுக்குப் பணமே தேவைப்படாது. வேலை நேரத்தைச் சற்றுத் தள்ளிவைப்பது, வாயால் சொல்வதை எழுதித் தருவது, இரைச்சல் குறைந்த மூலையில் இருக்கை போடுவது போன்றவைதான். காது கேளாதவர் நிற்கும் இயந்திரத்தில் எச்சரிக்கை மணியோடு ஒரு விளக்கும் வைத்தால், அது மற்ற தொழிலாளர்களுக்கும் பாதுகாப்பு. ஓசூர் டைட்டன் கைக்கடிகார ஆலை தொடக்க காலத்திலிருந்தே மாற்றுத்திறனாளிகளை உற்பத்திப் பிரிவில் அமர்த்தி வருகிறது, அது கருணைக்கு நடக்கும் ஆலை அல்ல. தவறு செய்தால் மற்றவரைப் போலவே திருத்துங்கள். பாவம் என்று விட்டுவிடுவதும் அவரை ஒதுக்குவதுதான்.

வேலைக்குப் போனால் குடும்ப ஓய்வூதியம் நின்றுவிடுமா? அந்தப் பயத்தில்தான் அனுப்பாமல் இருக்கிறோம்.

மத்திய அரசு ஊழியர்களின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான வரம்பு 2021-ல் தளர்த்தப்பட்டது. பெற்றோர் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதமும் அதற்குரிய அகவிலைப்படியும் சேர்ந்த தொகைக்குள் பிள்ளையின் பிற வருமானம் இருந்தால் ஓய்வூதியம் தொடரும். மாநில அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை பெறுபவர்கள், வேலையில் சேரும் முன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்வது நல்லது. யாரோ சொன்னதை நம்பி ஒரு வேலையை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. 18 வயதுக்குப் பிறகு வேலையில் சேரப் பாதுகாவலர் சான்று வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி எந்த நிபந்தனையும் சட்டத்தில் இல்லை.

யாரைப் போய்ப் பார்ப்பது?

முதலில் தனித்துவ அடையாள அட்டை. அது இல்லாமல் எந்த வாசலும் திறக்காது. அடுத்து மேலே சொன்ன மாவட்ட அலுவலகம். எந்த வேலை பொருந்தும் என்று மதிப்பிட, கிண்டியில் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வாழ்க்கைத்தொழில் சேவை மையம் இருக்கிறது. பல்வகைக் குறைபாடு என்றால் முட்டுக்காட்டில் உள்ள தேசிய நிறுவனத்தை அணுகலாம்.

அலுவலகங்களை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம். உங்கள் பிள்ளைக்கு 16 வயது ஆகிவிட்டதா? வரும் கோடை விடுமுறையில் தெரிந்த மளிகைக் கடைக்காரரிடமோ அச்சகத்திலோ தினமும் இரண்டு மணி நேரம் நின்று பழக இடம் கேளுங்கள். கேட்கப்படும் கடைக்காரர்களே, இரண்டு வாரத்துக்குச் சம்மதம் சொல்லுங்கள்.