சரவணைக்கு வருவோர் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய தீவகம்

விடுமுறையில் புலம்பெயர் நாடுகளிலிருந்து பிள்ளைகளுடன் சரவணைக்கு வருவோர் பலர், கோயில், உறவினர் வீடு, சாட்டிக் கடற்கரை என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். 1990, 1991 ஆம் ஆண்டுகளின் படை நடவடிக்கைகளால் தீவகத்து மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். பாழடைந்த வீடுகளை மட்டும் காணும் பிள்ளை, இது என்றுமே ஒதுங்கிக் கிடந்த இடம் என்று எண்ணிவிடக்கூடும். அந்த எண்ணத்தை மாற்ற மூன்று இடங்கள் போதும்.

முதலாவது நயினாதீவு. வேலணையிலிருந்து புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குச் சென்று படகில் ஏறவேண்டும். நாகபூசணி அம்மன் கோயிலில் 12 ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகருக்குப் பாதுகாப்பு அளிக்கவேண்டும் என்கிறது. யானை, குதிரை ஏற்றிவரும் கலம் உடைந்தால் அரசுக்குக் கால் பங்கு, உரியவருக்கு முக்கால் பங்கு. ஏனைய சரக்குக் கலமென்றால் இருவருக்கும் சரிபாதி.

அந்த ஊராத்துறைதான் சரவணைக்கு அயலிலுள்ள ஊர்காவற்றுறை. ‘கயிற்ஸ்’ என்ற பெயர், இறங்குதுறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. இங்கிருந்து யானைகள் கப்பலேறின. எதிரே கடல் நடுவில் தெரிவது போர்த்துக்கேயர் கட்டிய கடற்கோட்டை. 1658 இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், இலங்கையைப் பன்றித் தொடையாகவும் இக்கோட்டையை அதன் குதிக்காலாகவும் கருதி ‘ஹமன்ஹீல்’ என்று பெயரிட்டனர். இன்று அதைக் கடற்படை விடுதியாக நடத்துகிறது.

மூன்றாவது நெடுந்தீவு. குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணிநேரம். பவளக்கல் வேலிகள், பெருக்கு மரம், காட்டில் திரியும் குதிரைகள், பழைய கோட்டையின் இடிபாடு ஆகியவற்றைப் பார்க்கலாம். குதிரைகள் ஐரோப்பியர் கொண்டுவந்தவற்றின் வழிவந்தவை. மாவிலித்துறையில் குமுதினிப் படகுப் படுகொலை நினைவிடம் உள்ளது. 1985 மே 15 அன்று இதே கடல்வழியில் பயணித்த பொதுமக்கள் வெட்டிக் கொல்லப்பட்டனர். குதிரைகளைப் பார்க்க வரும் பிள்ளைகள் இதையும் பார்க்கவேண்டும்.

கடல் கொந்தளித்தால் படகுச் சேவை நிறுத்தப்படும். ஆகவே திரும்பும் படகின் நேரத்தை முன்கூட்டியே கேட்டறியுங்கள். குடிநீரையும் எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் ஊரில் இருக்கும் முதியவர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். இடப்பெயர்வுக்கு முந்திய தீவகத்தை வளர்ந்தவர்களாய்ப் பார்த்தவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்துவருகின்றனர்.