மோட்டார் வண்டியும் பழுதுபார்க்கும் உரிமையும்

காரை விலை கொடுத்து வாங்கியவர் அதற்கு முழு உடைமையாளர் ஆகிறாரா? கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம். வலியசாலையிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாக நெல்லைக்குச் செல்லும் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வழியில் எஞ்சினின் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. தக்கலையில் கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர் கிடைக்கிறார். பழுதின் குறியீட்டை மலிவான கருவியாலும் படித்துவிடலாம். ஆயின் புதிய பாகத்தை வண்டியின் கணிப்பொறி ஏற்குமாறு செய்வதற்குப் பலவேளை உற்பத்தியாளரின் மென்பொருள் வேண்டும். அஃது அவரிடம் இல்லை. அவருடைய நெடுநாளைய அனுபவம் அங்கே தடைபட்டு நிற்கிறது.

இவ்வழக்கு நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டிலேயே எழுந்தது. ஹோண்டா, வோக்ஸ்வேகன், ஃபியட் நிறுவனங்கள் அசல் உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தருவதில்லை என்று ஒருவர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டார். விசாரணை பிற நிறுவனங்களுக்கும் விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25-இல் ஆணையம் 14 நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பாகங்கள் வெளிச்சந்தையில் கிடைக்க வேண்டும். வெளியாரிடம் பழுதுபார்த்ததையே காரணமாக்கி உத்தரவாதத்தை நீக்கலாகாது என்றும் பணித்தது. மேல்முறையீடுகள் எழுந்தன. 2016 டிசம்பரில் தீர்ப்பாயம், தன்முன் வந்த மூன்று நிறுவனங்களின் குற்றத்தை உறுதிசெய்து, அபராதத்தை மட்டும் குறைத்தது. பின்னர் வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது.

உற்பத்தியாளர் தரப்பை இகழ்ந்து தள்ளுவதும் முறையன்று. பிரேக்கில் போலிப் பாகம் புகுந்தால் உயிருக்கே கேடு. எனினும் போலியைத் தடுக்க, அசலை எளிதில் கிடைக்கச் செய்வதன்றோ நேரிய வழி! இவ்வாதம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-இலும் 2020-இலும் வாக்களித்து இதற்குச் சட்டம் கண்டனர். நம் நுகர்வோர் துறை 2022 ஜூலையில் குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பர் 24-இல் இணையத்தளம் ஒன்றைத் தொடங்கியது. கார்களும் அதில் அடங்கும். அது விவரம் தருவது; கட்டாயப்படுத்துவதன்று. 'பழுதுபார்க்கும் உரிமை' என்று மொழிபெயர்க்கிறோமே, அவ்வுரிமை உடைமையாளருக்கா, பட்டறைக்காரருக்கா என்பதை அத்தொடர் சொல்வதில்லை.

அயலூரில் புதுக்கார் வாங்கும் நேயர்கள், உத்தரவாத ஏட்டில் வெளிப் பட்டறை பற்றிய விதியைக் கையொப்பமிடுமுன் படித்து, ஐயமிருப்பின் விளக்கத்தை எழுத்தில் பெறுவது நலம்.