அம்மாயி என்றால் பாட்டியா, பொண்ணா?

கோவையில் ஒரு கொங்கு வீட்டுக் குழந்தை ‘எங்க அம்மாயி வந்திருக்காங்க’ என்று சொன்னால், அம்மாவைப் பெற்ற பாட்டி ஊரிலிருந்து வந்திருக்கிறார் என்று அர்த்தம். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் ‘மா அம்மாயி’ என்று காட்டினால், அங்கே நிற்பது அவர் மகள். வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்குள் போய்விட்டாலோ, அம்மாயி என்பவர் மாமன் மனைவி. சில குடும்பங்களில் அப்பாவின் சகோதரி. மாமியாரே அங்கு ‘அம்மாயியம்மா’தான்!

மூன்றும் ஒரே மொழிக்குடும்பம். ‘அம்மா’வில் கிளைத்த சொற்கள். ஆனால் கொங்குச் சொல்லில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ‘ஆய்’, ‘ஆயி’ என்றால் தாய். அம்மாவுக்கு ஆயி, அம்மாயி. அவர் கணவர் அப்புச்சி. அப்பாவைப் பெற்றவர்கள் என்றால் அப்பாரு, அப்பத்தா. பல வீடுகளில் வெறும் ‘ஆத்தா’. லீவு விட்டதும் பிள்ளைகள் ‘அப்புச்சி ஊருக்கு’க் கிளம்பினால், எந்தப் பக்கத்து ஊர் என்று யாரும் கேட்பதில்லை. காதுகுத்து முதல் கல்யாணம் வரை தாய்மாமன் சீர் இல்லாமல் நடக்காத மண்ணில், எந்த உறவு எந்தப் பக்கம் என்பது கூப்பிடும்போதே தெரிந்தாக வேண்டுமே!

இந்தக் கணக்கு ஐரோப்பாவிலும் உண்டு. சுவீடன்காரர்களுக்கு அம்மாவின் அம்மா ‘மொர்மொர்’, அப்பாவின் அம்மா ‘ஃபார்மொர்’. ‘மொர்’ என்றால் அம்மா. ஆக, மொர்மொரும் அம்மாயியும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆங்கிலத்தின் ‘கிராண்ட்மதர்’தான் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றாய்ப் போய்விட்டது.

இன்னும் வேடிக்கை ‘அம்மா’வைப் போலவே ஒலிக்கும் சொற்கள். ஐஸ்லாந்தில் ‘அம்மா’ என்றால் பாட்டி. ஜெர்மனியில் ‘அம்மெ’ என்பவர், பிறர் குழந்தைக்குப் பால் கொடுக்கும் செவிலித்தாய். எஸ்தோனிய மொழியில் ‘ஆம்’ மாமியார். ஸ்பானியரின் ‘அமா’ வீட்டு எஜமானி. அதே ஸ்பெயினில் பாஸ்க் மொழி பேசுபவர்களுக்கு ‘அமா’ என்றால் நம்மைப்போல அம்மாவேதான்.

உடனே ‘ஐஸ்லாந்துவரை போன தமிழ்’ என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிட வேண்டாம். மொழியியலாளர் ரோமன் யாகப்சன் 1960-ல் வெளியான கட்டுரையில் இதற்கு விளக்கம் தந்திருக்கிறார். பால் குடிக்கும் குழந்தையின் வாய் அடைத்திருக்கும். அப்போது மூக்கு வழியாக வரக்கூடிய முனகல் ‘ம்...ம்’. பிறகு பசித்தாலும் அதே ஒலி. அது யாரைக் கூப்பிடுகிறது என்று முடிவு செய்வது பெரியவர்கள். அதனால்தான் பெரும்பாலான நாடுகளில் அது தாய்க்கும், சில இடங்களில் பாட்டிக்கும், தாதிக்கும் போய்ச் சேர்ந்தது. ஜார்ஜியாவில் ‘மாமா’ என்றால் அப்பா!

யாழ்ப்பாணத் தமிழர்கள் கனடா போன பிறகும் அம்மம்மா, அப்பம்மா என்று பிரித்தே அழைக்கிறார்கள். கோவை நகரத்துப் பிள்ளைகள் பலருக்கு அம்மாயியும் அப்பத்தாவும் ‘பாட்டி’ ஆகிவிட்டார்கள். இருவரையும் பிரித்துச் சொல்ல வேண்டி வரும்போது ‘பொள்ளாச்சிப் பாட்டி’, ‘சரவணம்பட்டிப் பாட்டி’ என்று ஊர்ப்பெயரை ஒட்டவைக்கிறார்கள். அவர்களில் அம்மாவைப் பெற்றவர் யார் என்று இன்னொரு முறை கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.